தேரை நிறுத்தின விளாம்பழம்

இன்னைக்கு மாத்தளையில அம்மன் தேர். மண்டையைப் பிளக்குற வெயில்.

தேர் இழுக்கிறவங்களுக்கு வருஷா வருஷம் எங்க தெருவுல பந்தல் போட்டு இனிப்புத் தண்ணி ஊத்துவோம். இந்த வருஷம் கூப்பனுக்கு அளந்து குடுக்குற சீனி வீட்டுத் தேத்தண்ணிக்கே காணாது. எப்படியோ சீனி தேடிக்கிட்ட பக்கத்துத் தெருக்காரங்க, "இந்த வருஷம் உங்க தண்ணிப் பந்தலை விட்டுருங்க"ன்னு சிரிச்சாங்க.

விடுவோமா? கலேவெல ஊர் விளாம்பழத்தை உடைச்சு, கித்துள் மரத்துக் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து நானே பிசைஞ்சு வடிச்சேன். தண்ணி கூட்டினா இனிப்பு செத்துடும்னு கெட்டியாவே விட்டேன்.

என் நாத்தனார் பதறிட்டாங்க. "வடம் இழுக்கிறவங்க நடந்துகிட்டே கையை ஏந்துவாங்க. இந்தக் கூழைக் கையில எப்படி ஊத்துவ?"

அதை நான் யோசிக்கவே இல்லை.

வீடு வீடா ஓடி டம்ளர் வாங்கிட்டு வந்தோம். டம்ளர்ல குடிக்கணும்னா வடத்தைக் கீழே வைக்கணுமே!

வச்சாங்க. தேர் எங்க பந்தல் முன்னாலயே நின்னுடுச்சு. "இன்னொண்ணு ஊத்துங்கக்கா"ன்னு வாங்கி வாங்கிக் குடிச்சாங்க. குருக்கள் மணியை ஆட்டின பிறகுதான் வடத்தைத் தொட்டாங்க.

பக்கத்துத் தெரு சீனித் தண்ணியை நடந்துகிட்டே குடிச்சுட்டுப் போயிட்டாங்க.

இப்ப அந்தத் தெருக்காரங்களே வந்து, "அம்மனே உங்க பந்தல்ல நின்னுட்டாளே"ன்னு கன்னத்துல போட்டுக்கிறாங்க.

நான் தண்ணி கூட்டாம கெட்டியா விட்டதாலதான் நின்னாள்னு சொல்லிடவா, இல்ல பேசாம இருந்துடவா? நீங்களே சொல்லுங்க.