பக்கத்துக் கப்பலில் சம்பந்தி

‘அமைதியார்’, 1955–2021. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் வாழ்ந்தது. கடலில் அவரை அறிந்த யாவருக்கும் அவர் அமைதியார்தான். அவரிடம் அமைதி இருந்ததனால் வந்த பெயரன்று அது. யாரேனும் இரும்புக் கதவை அறைந்து சாத்தினால், “அமைதி! அமைதி!” என்று அவர் போடும் கூச்சலால் வந்தது. கதவோசையால் ஆய்வுக்குக் கேடில்லை என்பது அவருக்கும் தெரியும், பழக்கம் விடவில்லை.

அவர் தொழில் அப்படி. ஆழ்கடலின் அடியில் யுகயுகமாகப் படிந்த வண்டல் அடுக்குகளை ஒலியால் படமெடுக்கும் கப்பல்களில், பணி கொடுத்த நிறுவனத்தின் சார்பாக மேற்பார்வையாளராக இருந்தார். கப்பலின் பின்னே காற்றுத் துப்பாக்கிகள் வெடிக்கும். அவ்வொலி நீரைக் கடந்து, தரைக்குள் இறங்கி, ஒவ்வோர் அடுக்கிலும் மோதித் திரும்பும். கப்பல் இழுத்துச் செல்லும் நீண்ட கம்பிவடங்கள் அதைக் கேட்டுப் பதிவு செய்யும். மேலடுக்கின் எதிரொலி உரக்க வரும். அடியடுக்கினது நோயாளியின் முனகலைப் போல வரும். அந்த முனகலுக்காகத்தான் அத்தனை பாடும்.

2014ஆம் ஆண்டு, அதுவரை எவரும் சரிவரப் படமெடுக்காத ஒரு வண்டல் படுகை அவர் பொறுப்பில் வந்தது. வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. படுகையின் மிக ஆழமான பகுதிக்கு மேலே ஆறு வரிகளே மிச்சம்; வரி என்பது, கப்பல் நேர்கோட்டில் வெடித்துக்கொண்டே செல்லும் ஓர் ஓட்டம். பெருங்காற்றுப் பருவம் தொடங்குமுன் அவற்றை முடித்தாக வேண்டும். தவறினால் நிறுவனம் மறுபடி கப்பல் அனுப்பாது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பரப்பில் இன்னொரு கப்பல் வந்து வெடிக்கத் தொடங்கியது. அதன் ஓசை இவர் பதிவுகளில் சாய்ந்த கீற்றுகளாக விழுந்து, அடியடுக்கின் முனகலை மூழ்கடித்தது.

இதற்கு வழக்கமான ஏற்பாடு உண்டு. ஒரு கப்பல் வரி ஓடும்போது மற்றது வாய் மூடியிருக்க வேண்டும். முறையை இரு மேற்பார்வையாளர்களும் ரேடியோவில் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். வேறு எவராக இருந்தாலும் அமைதியார் முதல் நாளே நார் நாராகக் கிழித்திருப்பார். ஆனால் அந்தக் கப்பலின் மேற்பார்வையாளர் அவருடைய சம்பந்தி. மகளை அவர் வீட்டுக்குக் கொடுத்து நான்கு மாதம்கூட ஆகவில்லை.

“வணக்கம் சம்பந்தி! சாப்டாச்சா? நம்ம வரி இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. முடிச்சுட்டு விட்டுடறேன்,” என்பார் அவர் ரேடியோவில்.

“உங்க முறை எப்பவோ முடிஞ்சிடுச்சுங்களே…”

“அட, நமக்குள்ள என்ன மணிக்கணக்கு?”

“சரிங்க, சரிங்க,” என்றார் அமைதியார், பல்லைக் கடித்துக்கொண்டு. முறை தவறினால் வரியின் தொடக்கத்துக்கே சுற்றி வர வேண்டும்; அத்தனை வடங்களையும் இழுத்துக்கொண்டு கப்பல் ஒருமுறை திரும்பவே அரைப்பொழுது கழிந்துவிடும். சம்பந்தியின் ‘கொஞ்சம்’ ஒவ்வொன்றும் இவருக்கு ஒரு பகல்.

மனைவியோ தொலைபேசியில் வேறு விதமாக நெருக்கினார். “அவர்கிட்ட மூஞ்சியக் காட்டிடாதீங்க. நம்ம பொண்ணு அங்கதான் வாழணும்.”

“நல்லா வாழட்டும். என் வரிய எவன் வாழ வைப்பான்?”

அந்த வாரமே, பதிவுகளைத் திரையில் சரிபார்க்கும் பெண் பொறியாளர் அவரைக் கூப்பிட்டுக் காட்டினார். “சார், நம்ம முறையிலயே கீத்து விழுது. அவங்க முன்கூட்டியே சுட ஆரம்பிச்சுட்டாங்க.”

அமைதியார் பெருமூச்சு விட்டார்.

“என்ன சார், பேசாம இருக்கீங்க? ஒரு கதவுக்கு என்னை அவ்வளவு திட்டினீங்க!”

“நீ என்ன எனக்குச் சம்பந்தியாம்மா?”

எரிச்சல் தாங்காமல் வீட்டுக்குப் பேசினார். அன்று மகள் தாய்வீடு வந்திருந்தாள், அவளே எடுத்தாள்.

“உன் மாமனார் இருக்காரே…” என்று தொடங்கி, கொட்டித் தீர்த்துவிட்டார்.

மகள் சிரித்தாள். “வீட்லயும் அப்படித்தாம்பா. நான் வேலை பாக்கும்போது டிவிய அலற விடுவாரு. ‘மாமா, கொறைங்க’ன்னேன். கொறைச்சுட்டாரு.”

“கோச்சுக்கலையா?”

“எதுக்கு? நேரா சொன்னாத்தான் அவருக்கு ஏறும். நீங்க இழுத்து இழுத்துப் பேசினா சம்மதம்னு நெனச்சுக்குவாரு.”

அமைதியார் நேரே ரேடியோவுக்குப் போனார். “சம்பந்தி, நிறுத்துங்க. இது எங்க முறை. இனிமே உங்க முறை முடிஞ்சா முடிஞ்சதுதான்.”



“அடடா, இவ்வளவு சிரமமா இருந்துச்சா? மொதல்லயே வாயத் தெறந்து சொல்லக் கூடாதா சம்பந்தி? நீங்க ‘சரிங்க, சரிங்க’ன்னதும் அவசரமில்லைன்னு இருந்துட்டேன்!”

அமைதியார் தலையில் அடித்துக்கொண்டார். அந்த நிமிடமே அங்கே வெடிகள் ஓய்ந்தன. அதன்பின் சம்பந்தி ஒருமுறைகூட வரம்பு மீறவில்லை என்பதுதான் அவருக்குக் கூடுதல் எரிச்சல்.

நான்கு வரிகள் பழுதின்றி ஓடின. ஐந்தாவதற்குத் திரும்பும்போது கடல் கொந்தளித்தது. வடங்களைச் சுருட்டிக்கொண்டு கரை திரும்பினார்கள். படுகையின் படத்தில் மிஞ்சிய இரு வரிகளின் இடம் இன்றும் வெள்ளையாகக் கிடக்கிறது. இருபுறத்து அடுக்குகளையும் பார்த்து, நடுவில் ஊகித்துக் கோடிழுக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஆண்டுதோறும் நிறுவனத்தை அழைத்து அவ்விரு வரிகளையும் முடிக்கக் கப்பல் கேட்டார். ஆண்டுதோறும் அவர்கள் பார்க்கலாம் என்றார்கள். கடைசியாக அவர் அழைத்துக் கேட்டது 2021 பிப்ரவரி 3 அன்று.