கோர்வைக்கு மூன்று நாடா

ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாவலை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அழுதேன், மூன்று முறையும் அதைச் சுவரில் விட்டெறியத் தோன்றியது. பள்ளி நூலகத்துப் புத்தகம், பிழைத்துப் போனது.

எங்கள் காஞ்சிபுரத்தில் நடக்கிற கதை. பட்டுக்கடை முதலாளியின் மகளை, அந்தக் கடைக்குக் கூலிக்கு நெய்கிற வீட்டுப் பையன் காதலிப்பான். நெசவாளி வீட்டுப் பெண்ணான நான் அவன் பக்கம்தானே நிற்க வேண்டும்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலாளி வீட்டு ஊஞ்சலும் வெள்ளித் தட்டும் வருகிற பக்கங்களைத்தான் திரும்பத் திரும்பப் புரட்டினேன்.

கோபம் வந்தது கடைசி அத்தியாயத்தில். வேறொருவனோடு நடக்கும் அவளுடைய கல்யாணத்துக்கு, அவன் தன்னந்தனியாக ஒரு கோர்வைப் புடவை நெய்வான். அவன் அம்மா மூலையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பாள். கோர்வை என்றால் உடல் ஒரு நிறம், இருபக்கக் கரையும் வேறு நிறம். குறுக்கு நூலைச் சுமந்து இழைகளுக்கிடையே ஓடுகிற கட்டைதான் நாடா; கோர்வைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். தறியில் உட்காருகிறவர் இரண்டைப் பார்த்துக்கொள்வார். மறுகரை நாடாவைப் போட இன்னோர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மா. தனியாக நெய்தானாம்! காதில் பூச்சுற்றவும் ஓர் அளவு வேண்டாமா?

அந்த எழுத்தாளரே எங்கள் பள்ளி விழாவுக்கு வந்தார். நாவலைப் பாராட்டிப் பேசத் தமிழ் மிஸ் என்னை மேடையில் ஏற்றிவிட்டார். “எழுதிக் குடுத்தத மட்டும் படிம்மா, வேற எதுவும் பேசி மானத்த வாங்காத” என்று எச்சரிக்கை வேறு. பாதித் தாள் படித்தேன். மூலையில் இருமுகிற அந்த அம்மா என்னை விடவில்லை. இப்போது வாயை மூடினால் அவள் காலத்துக்கும் அங்கேயேதான் கிடப்பாள் என்று தோன்றியது. தாளை மடித்தேன்.

“சார், அந்தப் பொடவைய ஒரு ஆளு நெய்ய முடியாது சார். மறுகரை நாடாவ யாரு போட்டா? அவங்கம்மாவ எழுப்பித் தறியாண்ட உக்கார வைங்க சார்!”

மிஸ்ஸின் முகம் வெளுத்தது. பின்வரிசையில் பெற்றோர் கூட்டத்தில் ஒரு பெண் கை தட்டினாள். அப்புறம் அரங்கமே தட்டியது. எழுத்தாளர் எழுந்து நின்று, “தப்புதாம்மா. தெருவுல நின்னு தறிச்சத்தம் கேட்டுட்டு எழுதிட்டேன். அடுத்த பதிப்புல திருத்திடறேன்” என்றார். ஊரையே ஜெயித்துவிட்ட மாதிரி வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா தறியருகில் நாடாவும் கையுமாக இருந்தாள். “அடிப்பாவி, அவ்ளோ பெரிய மனுசரையா கேட்டுக்கினு வந்த?” என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு, “அந்தம்மாவுக்கு ஒரு பேரும் வைக்கச் சொல்லியிருக்கலாம் இல்ல?” என்றாள். அதெல்லாம் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுவாரம் பள்ளியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். தந்தையின் தொழில்: பட்டு நெசவு. தாயின் தொழில்: இல்லை. அழகாக எழுதி, ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துக் கொடுத்தேன். ஒரு தப்பும் என் கண்ணில் படவில்லை.