கிணற்றை அழித்த ஒரு வரி

எங்கள் எதிர்வீட்டு இளமதி, மானாம்பதியில் இருந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு ஜாவாவில் நிரல் எழுதுகிறவள். அவளிடம் வாய் கொடுத்தால் நமக்குத்தான் வம்பு. ஆனால் வேலையில் புலி. ஊர்ப் பங்குக் கிணறுகளுக்கென்று அவளே ஒரு செயலி செய்து கொடுத்தாள். யார் முறையோ அவர் போனைத் தட்டினால்தான் மோட்டார் ஓடும். ஊரில் தண்ணீர்ச் சண்டை பாதி குறைந்தது.

அவள் வீட்டுச் சண்டைதான் குறையவில்லை. அப்பா முத்துவேலுக்கும் சித்தப்பா தினகரனுக்கும் ஒரே கிணறு. தன் பங்கு மகளுக்குத்தான் என்று அப்பா சொல்லப்போக, “கட்டிக்கினு போற பொண்ணுக்கு கெணத்துல இன்னா பங்கு?” என்று சித்தப்பா எகிறினார். அன்றோடு பேச்சு நின்றது. மாசியில் அப்பா அந்தக் கசப்போடே போய்ச் சேர்ந்தார்.

காரியம் முடிந்ததும் இளமதி அழுதுகொண்டே செயலியிலிருந்து அப்பா பெயரை நீக்கினாள்.

மறுநாள் காலை சித்தப்பா வாசலில் நின்று கத்தினார். நானும் எழுந்து ஓடினேன்.

“மோட்டாரு ஓடல. அப்டி ஒரு கெணறே இல்லன்னுது போனு. நெல்லு பால் புடிக்கிற நேரம்! ஒங்க நைனா கோவத்த நீ தீத்துக்கிறியா?”

“நான் ஒண்ணும் பண்ணல சித்தப்பா.”

“எங்கண்ணன் பூட்டாரு, சரி. கெணறு எங்க போச்சி?”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆளை நீக்கினால் அவரோடு சேர்ந்ததையும் நீக்கு என்று ஒரு வரி எழுதியிருந்தாள். ஜாவாக்காரர்கள் அதைக் கேஸ்கேட் என்பார்களாம். ஆளுடைய போன் எண்ணுக்கு அது சரி. கிணற்றுக்கும் அதையே போட்டுவிட்டாள். பங்குக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவள் செய்கிற காரியமா இது! எனக்கே கோபம் வந்தது.

நாளைக்குப் பார்க்கலாம் என்று அவள் இழுத்தடித்திருக்கலாம். செய்யவில்லை. அந்த வரியை எடுத்தாள். கிணறு தனி, பங்காளி தனி, ஒருவர் போனாலும் கிணறு நிற்கும் என்று மாற்றி எழுதினாள். பேக்கப்பிலிருந்து கிணற்றை மீட்டாள். சித்தப்பா போனைத் தட்டினார். கழனிப் பக்கம் மோட்டார் சத்தம் கேட்டது.

அவர் கிளம்பவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிணற்றுக்கு நேரே அவர் பெயர் மட்டும் இருந்தது. இதைத்தானே அன்று கேட்டார்!

“எம் பேருக்குக் கீய இன்னா, காலியா கீது?”

“அப்பா பேரு இருந்த எடம்.”

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“உம் பேரப் போடு” என்றார். “நான் பாத்துக்கினே கீறேன், போடு.”