பட்டாணித் தண்ணீரில் கம்பளி நூல்

அரசாங்க உணவுப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு ‘மௌனம்மா’ என்றே பெயர். ரிப்போர்ட்டை மேலதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு, அவர் நிமிர்வதற்குள் கதவுக்கு வெளியே போய்விடுவாள்.

ஒருநாள் உணவு ஆய்வாளர் ஒரு கடையில் எடுத்த ஆறு பட்டாணி டப்பாக்களைக் கொண்டுவந்தார். ‘இன்று பறித்த பச்சைப் பட்டாணி’ என்று லேபிள் சொன்னது. திறந்தால் கிளிப்பச்சை கண்ணைப் பறித்தது. மௌனம்மா அந்தத் தண்ணீரில் நாலு சொட்டு அமிலம் விட்டு, வெள்ளைக் கம்பளி நூலைப் போட்டுக் கொதிக்கவைத்தாள். காயின் சொந்தப் பச்சை என்றால் கழுவினதும் போய்விடும். சாயம்தான் கம்பளியைப் பிடித்துக்கொள்ளும். சோப்புப் போட்டுத் தேய்த்தும் நூல் பச்சையாகவே இருந்தது. பட்டாணியும் காய்ந்ததை ஊறவைத்ததுதான்.

டப்பா வந்த தொழிற்சாலையின் பெயரை அவள் அப்போதுதான் பார்த்தாள். அவள் நாத்தனார் லேபிள் ஒட்டுவது அங்கேதான். மேலதிகாரியிடம் அதை மறைக்காமல் சொன்னாள். அவர் வேறொருவரைப் பக்கத்தில் வைத்து மறுபடி சோதிக்கச் சொன்னார். அப்போதும் அதே பச்சை.

விஷயம் தெரிந்து நாத்தனார் அவள் வீட்டுப் படியேறி வந்தாள்.

“கம்பெனிய மூடிட்டா நாங்க நாப்பது பேரும் எங்க போறது? எங்க வயித்துல அடிக்கிறதுக்கா உனக்குச் சம்பளம்?”

“அக்கா, அந்த டப்பாவ நீங்க என்னைக்காவது வீட்டுக்கு வாங்கிட்டு வந்திருக்கீங்களா?”

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முன்னால் வைத்த காபியைத் தொடாமல் எழுந்து போனாள்.

வழக்கு நீதிமன்றம் போயிற்று. முதலாளியின் வக்கீல் பேச்சில் புலி. “நல்ல பட்டாணியே பச்சைதானே! நூலில் ஒட்டினது அந்தப் பச்சை இல்லை என்று இந்த அம்மாவால் நிரூபிக்க முடியுமா?”

கூண்டில் நின்ற மௌனம்மா வக்கீலைப் பார்க்காமல் நீதிபதி பக்கம் திரும்பினாள். மெல்லிய குரலில் கேட்டாள்: “ஐயா, ஒரு அடுப்பு கிடைக்குமா? இங்கயே செஞ்சு காட்டிடறேன்.”

நீதிபதி அனுமதித்தார். மதியத்துக்குள் பரிசோதனைக்கூடத்திலிருந்து மின்அடுப்பும் இரண்டு கண்ணாடிக் குவளைகளும் வந்தன. ஒன்றில் சந்தையில் வாங்கி உரித்த பட்டாணி, மற்றதில் டப்பாப் பட்டாணி. இரண்டிலும் அதே அமிலம், அதே வெள்ளை நூல். அரைமணி நேரம் நீதிமன்றமே அடுப்பைச் சுற்றி நின்றது. பிறகு நூல்களைக் குழாயடியில் அலசி நீதிபதியின் மேசையில் வைத்தாள். ஒன்று வெள்ளை, ஒன்று பச்சை. வக்கீலின் முகத்தில் ஈயாடவில்லை.

சரக்கை அழிக்க உத்தரவாயிற்று. முதலாளிக்கு அபராதம்; சாயத்தை விட்டு உண்மையான லேபிளுக்கு மாறும்வரை தொழிற்சாலைக்குப் பூட்டு. பூட்டு தொங்கிய மூன்று வாரமும் நாத்தனார் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மௌனம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தான் எழுதியது சரி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தது முதலாளி இல்லையே.

பூட்டுத் திறந்த வாரம் நாத்தனார் வந்தாள். நாற்பதில் முப்பத்தாறு பேரைத் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள்.

“‘ஊறவைத்த காய்ந்த பட்டாணி’ன்னு இப்ப லேபிள் முழம் நீளத்துக்கு இருக்கு. ஒட்டி ஒட்டிக் கை வலிக்குது, எல்லாம் உன்னாலதான்,” என்றாள்.

“மிச்ச நாலு பேரு, அக்கா?”

“ரெண்டு பேருக்கு வேற எடத்துல கெடச்சிருச்சு. மத்த ரெண்டு பேரு இன்னும் தேடிட்டு இருக்காங்க.” நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “சரி, காபி போடு. இன்னைக்குக் குடிச்சிட்டுத்தான் போவேன்.”