சுவரைத் தாண்டி வந்த ராடு

அக்காவுக்கு மகன் பிறந்தபோது, ஒத்தாசைக்கு இருக்கட்டும் என்று என்னை அவள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருந்த நேரம். சில மாதங்களுக்கென்று போனவள் கல்யாணம் ஆகும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். இன்றைக்கும் எந்தப் பட்டறையைத் தாண்டிப் போனாலும், சூடான எண்ணெயும் இரும்பும் கலந்த அந்த வாசனை வந்தால் எனக்குப் பசிக்கும். அக்கா வீட்டில் அடுப்படியும் பட்டறையும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்தன.

அக்கா புருஷன், என் மாமா, வண்டிகளுக்கு ஆக்சில் ராடு கடைபவர். சக்கரத்தைச் சுற்ற வைக்கும் அந்த உருக்குத் தண்டு, பழைய வண்டிகளுக்குக் கடையில் கிடைக்காது. உடைந்த துண்டுகளைக் கொண்டுவந்தால், தரையில் படுக்க வைத்து, முறிந்த இடத்தை ஒன்றோடொன்று பொருத்தி, அளவெடுத்துப் புதிதாகக் கடைந்து கொடுப்பார். இதற்காகவே கம்பெனி வேலையை விட்டுவிட்டு, இரும்பைச் சுழற்றிக் கடையும் ஒரு பழைய லேத் மெஷினை வாங்கிப் படுக்கையறையில் நிறுத்தியிருந்தார்.

"எண்ணெய் குடிக்கிற சக்களத்திடி அது," என்பாள் அக்கா. "நம்மள கூடத்துக்குத் துரத்திட்டு அவ ரூமுக்குள்ள இருக்கா."

கடைந்து முடித்த ராடைப் பழைய போர்வையில் சுற்றிக் கூடத்துக் கட்டிலில் கிடத்துவார். குழந்தை கீழே பாயில் தூங்கும்.

"பெத்த பிள்ளை தரையில, ஊரான் ராடு மெத்தையிலயா?"

"அவன் விழுந்தா அழுதுட்டு எந்திரிச்சிடுவான். இது விழுந்தா அடிபட்டுடும்."

அந்த லேத் குட்டை. நீளமான தண்டைப் பொருத்தினால், அது மெஷின் தலையிலுள்ள துளை வழியாகப் புகுந்து பின்பக்கம் நீட்டிக்கொண்டு வரும். பின்பக்கம் சுவர். மாமா யோசிக்காமல் சுவரில் ஓட்டை போட்டுவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு.

ஆக, மெஷின் ஓடும்போது அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முழத்துக்குத் தண்டின் வால் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் வீட்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சுவிட்சைப் போடுமுன் "ஓட்டலாமா?" என்று மாமா குரல் கொடுப்பார். அடுப்படியிலிருந்து "ஓட்டுங்க" என்று வந்த பிறகுதான் கை வைப்பார். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத நாட்களிலும் இந்தக் கேள்வியும் பதிலும் நின்றதில்லை. வாய் திறக்கவே யோசிக்கிற நான் அந்த வீட்டில் சத்தமாகச் சொன்ன ஒரே வார்த்தையும் அதுதான்.

மெஷின் நிற்கும்போது அந்த வால் கைக்கெட்டிய கொக்கி மாதிரி இருக்கும். அக்கா கை துடைத்த துண்டை அதில்தான் போடுவாள். ஒரு சாயங்காலம் துண்டு அதில் கிடப்பதை மறந்து, பழக்கத்தில் "ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டாள். துண்டு சரசரவென்று சுருண்டு பால் பாத்திரத்தை வாரி இழுத்தது. கொதித்த பால் தரையெல்லாம் ஓடியது. குழந்தை அந்தப் பக்கமாகத்தான் தவழ்ந்து வந்துகொண்டிருந்தான். எட்டித் தூக்கிவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அக்கா குழந்தையை என்னிடமிருந்து வாங்கி, கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். மறுநாள் காலையில் மாமா செங்கல் வைத்து ஓட்டையை அடைத்தார்.

"நான்தானே பார்க்காம சொன்னேன்," என்றாள் அக்கா.

"ஓட்டை போட்டது நான்தானே."

அதற்குப் பிறகு சின்னச் சின்ன சாமான்களை மட்டும் கடைந்தார். அவற்றை எந்தத் தெருவிலும் செய்து தருவார்கள். அவரைத் தேடி வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். வேலை செய்யும்போது மூக்காலேயே ஏதாவது பாட்டு இழுப்பார். அதுவும் இல்லை. பழைய கம்பெனியில் போய்க் கேட்டுப் பார்ப்பதாகவும், லேத்தை யாராவது எடுத்துக்கொண்டால் கொடுத்துவிடலாம் என்றும் ஒருநாள் சாப்பாட்டின் நடுவே சொன்னார். சக்களத்தி போகிறாள் என்று அக்கா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளோ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அந்த வாரத்தில்தான் காய்கறி வேன்காரர் வந்தார். சாக்கிலிருந்து முறிந்த ராடை எடுத்து வாசலில் வைத்தார்.

"நீளமானது இப்ப செய்யறதில்லைங்க. வேற எங்கயாவது பாருங்க," என்றார் மாமா.

"எல்லா இடமும் பார்த்துட்டேன் அண்ணே. போற இடமெல்லாம் உங்க வீட்டுக்கே வழி சொல்றாங்க. வேன் சந்தை நடுவுல நிக்குது. இது கிடைக்கலைன்னா வேனையே எடைக்குத்தான் போடணும்."

மாமா குனிந்து, செய்யமாட்டேன் என்று சொன்ன வாயோடேயே, இரண்டு துண்டுகளையும் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவருடைய விரல்களையே பார்த்தபடி நின்றாள்.

"ஏங்க, அந்த வாலுக்கு ஒரு மூடி போட முடியாதா?"

"குழாய் மாட்டி மூடலாம். அடுப்பு இருக்கே, இடம் ஏது?"

"மெஷினை நகர்த்த ஏழு ஆள் வேணும். அடுப்பை நகர்த்த நான் ஒருத்தி போதாதா?"

குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். முதலில் பாத்திரங்கள் பின்வாசலுக்குப் போயின, பிறகு அடுப்பு. அப்புறம் சுத்தியலை எடுத்துச் செங்கல்லை அவளே தட்டினாள்.

"அடியே, மெதுவா! சுவரே போயிடும்," என்று மாமா ஓடினார்.

"போனா போகட்டும். கம்பெனிக்குப் போறாராம், கம்பெனிக்கு! அங்க போய் 'ஓட்டலாமா'ன்னு யாரைக் கேப்பீங்க?"

வேன்காரர் என்ன நடக்கிறதென்று தெரியாமல் சாக்கை மடித்துக்கொண்டு நின்றார்.

சுவரில் குழாயை இறுக்கிப் பொருத்திய பிறகு, அன்று மத்தியானமே புதுத் தண்டு லேத்தில் ஏறியது. பின்வாசலில் காற்று. அடுப்பு அணைவதும் அக்கா திட்டிக்கொண்டே பற்ற வைப்பதுமாக இருந்தது. நான் ஓர் அட்டையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கை வலித்தது. உள்ளே மாமா மூக்கால் பாட ஆரம்பித்திருந்தார்.

வேன்காரரும் எங்களோடு சாப்பிட உட்கார்ந்தார். சோறு அரை வேக்காடு. அவர் மென்று மென்று பார்த்துவிட்டுத் தண்ணீரைக் குடித்தார். மாமா மட்டும் தட்டைக் காலி செய்து இன்னும் கொஞ்சம் கேட்டார்.

"நல்லாருக்கு," என்றார்.

"பொய் சொல்லாதீங்க, வேகவே இல்ல," என்று சொல்லிக்கொண்டே அக்கா அவருக்கு இரண்டு கரண்டி சோறு வைத்தாள்.