இடமாற்றத்துக்கு ஒரு காரணம்

கோலாலம்பூரில் இருக்கும் அந்தப் பெரிய அரசாங்கப் பல்கலைக்கழகத்தைத்தான் முதல் தேர்வாகப் போட்டிருந்தேன். கிடைத்தது சபா மாநிலம். வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் முகம் கொள்ளாச் சிரிப்போடு விமானம் ஏறியிருக்கும். எனக்கு அப்பா இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை. ஈப்போ பக்கத்து லகாட்டில் ஒரு மலிவு விலை வீட்டில் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு, கடல் தாண்டிப் போய்க் கணக்கியல் படித்தேன்.

அம்மாவுக்கு மனநோய். இதை எழுதும்போதே கை கூசுகிறது, அப்படி என்னைப் பழக்கிவைத்திருக்கிறாள். மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் பள்ளிக்கூடத்துத் துப்புரவு வேலைக்குப் போவாள், ஊர்வம்பு பேசுவாள், என் சமையலைக் கிண்டல் செய்வாள். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று தோன்றிய மறுநாளே மாத்திரையை நிறுத்திவிடுவாள். பிறகு ஜன்னலைத் திறக்கமாட்டாள். வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்பாள். சோற்றைத் தொடமாட்டாள்.

அவளுக்குச் சிகிச்சை தஞ்சோங் ரம்புத்தானில். எங்கள் பேராக் மாநிலத்தில் வளர்ந்த யாருக்கும் அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. அங்கே பெரிய மனநல மருத்துவமனை இருப்பதால், பள்ளிக்கூடச் சண்டையில் முதலில் வந்து விழும் வசவே "போடா, தஞ்சோங் ரம்புத்தான் கேஸு" என்பதுதான். அதனால் கிளினிக் நாளில் அம்மா பக்கத்து வீட்டில், "சுங்கை சிப்புட்டுல சொந்தக்காரங்கள பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாள். சுங்கை சிப்புட்டில் எங்களுக்கு ஒரு சொந்தமும் இல்லை.

இரண்டாம் ஆண்டில், விரிவுரை நடந்துகொண்டிருந்தபோது அந்தப் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார்.

"ஒங்கம்மா நேத்துலேர்ந்து கதவ தொறக்கல லா. தட்டுனா சத்தம் போடுறாங்க. நீ வர முடியுமா?"

எப்படி வர? நடுவில் கடல் கிடக்கிறது. அக்காவிடம் போனைக் கதவிடுக்கில் பிடிக்கச் சொல்லிவிட்டு, நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து, "அம்மா, நான்தாம்மா, தொறம்மா" என்று தொண்டை கட்டுகிறவரை கத்தினேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது. கடைசியில் திறந்துவிட்டாள். அன்றைக்கே கோலாலம்பூருக்கு மாற்றம் கேட்பதென்று முடிவு செய்தேன். அங்கே இருந்தால் காலையில் ரயிலேறி மதியத்துக்குள் வீட்டில் நிற்கலாம்.

மதிப்பெண் இருந்தது. ஆனால் வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர்களுக்கு அங்கே இடம் அபூர்வம், வலுவான குடும்பக் காரணமும் அதற்கு ஆதாரமும் வேண்டும் என்றார் போனில் பேசிய அலுவலர். என்னிடம் இருந்த காரணம் ஒன்றே ஒன்று. விடுமுறையில் வீட்டுக்குப் போனதும், டாக்டரிடம் ஒரு சூராட், அதாவது கடிதம், வாங்க வேண்டும் என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "அப்பா செத்த சர்ட்டிபிகேட் இருக்குல்ல, அத குடு."

"அது நாலு வருசம் ஆச்சும்மா. அத ஏத்துக்கமாட்டாங்க."

"ஏன், செத்தவரு திரும்பி வந்துட்டாரா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல்தான் ஜெயித்தது. "நோய்தானேம்மா, சீனி வியாதி மாதிரி ஒரு நோய். இதுல என்ன அசிங்கம்?" என்று கத்திவிட்டேன்.

"ஒனக்கு என்ன தெரியும்? ஒன் பேருக்குக் கீழ அந்த ஆஸ்பத்திரி பேரு ஏறிட்டா அப்பறம் அழியுமா? நாளைக்கு வேல குடுக்கறவன் பாப்பான். கட்டிக்கப் போறவன் பாப்பான். தாயி இப்படின்னா மவ எப்படியோம்பான்." அவள் அழுதது வெங்காயத்தாலா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சில நாட்கள் இருவரும் டிவியோடுதான் பேசிக்கொண்டோம்.

கிளினிக் நாளன்று அப்பாவின் பழைய காரை எடுத்தேன். அம்மா நல்ல சேலை கட்டி, பவுடர் போட்டு வந்தாள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா வழக்கம்போல எங்கே பயணம் என்று கேட்டார். அம்மா வேலியருகே போய் நின்றாள்.

"தஞ்சோங் ரம்புத்தான் போறேன். புள்ளைக்கு டாக்டர்கிட்ட ஒரு சூராட் வாங்கணும்."

அக்கா துணியை உதறிக்கொண்டே, "தெரியும்க்கா. பாத்து போய்ட்டு வாங்க" என்றார்.

காரில் ஏறியபின் அம்மா வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈப்போ டவுனைத் தாண்டும்போது, "எல்லாருக்குமே தெரியுமா?" என்று கேட்டாள். எனக்கும் இன்றுதான் தெரிந்தது என்றேன். இத்தனை வருடம் சுங்கை சிப்புட்டுக்குப் போய்வந்தவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. டாக்டரிடம் அவளே பேசினாள். எதையும் மறைக்க வேண்டாம், மகள் பக்கத்தில் இருந்தால் தேவலை என்று எழுதச் சொன்னாள். எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிவிட்டு நான் சபாவுக்குத் திரும்பினேன்.

பதில் மின்னஞ்சலில் வந்தது. தங்கள் விண்ணப்பம் வெற்றி பெறவில்லை, இம்முடிவே இறுதியானது. இவ்வளவுதான். போன் செய்து ஏன் என்று கேட்டேன். அந்தப் பக்கம் இருந்த பெண் தன்மையாகத்தான் பேசினார். நிறையப் பேர் கேட்கிறார்கள், இடம் கொஞ்சம்தான், தனித்தனியாகக் காரணம் சொல்வதில்லை என்றார். யாரிடம் கோபப்படுவது? நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"அந்த பேரு இருந்ததுனாலயா?"

"இல்லம்மா. எடம் இல்லயாம்."

"அப்படின்னு எழுதிருக்கா?"

"காரணம் எதுவும் எழுதல."

"அப்பறம் ஒனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. அதன்பிறகு எதைச் சொன்னாலும் அவள் காதில் ஏறவில்லை. தன்னால்தான் மகளுக்கு இடம் போயிற்று என்று தீர்மானித்துவிட்டாள். அடுத்த முறை அவள் கிளினிக்குக்குப் போகவில்லை என்பதை அக்கா சொல்லித்தான் அறிந்தேன். போனில் திட்டினேன், கெஞ்சினேன், இப்போதே படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்று மிரட்டினேன். வந்தால் வீட்டுக்குள் சேர்க்கமாட்டேன் என்றாள்.

"சரி, மாத்திரையாவது போடும்மா. போடலன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"சபாலேர்ந்து நீ என்ன பண்ண முடியும்?" என்று கேட்டாள் அம்மா. அதில் குத்தலே இல்லை. என்னை நினைத்துப் பரிதாபப்படுகிற குரலில்தான் கேட்டாள்.