அப்பாவுக்கு ஒரு ஃபோம் மெத்தை

சென்னீர்குப்பம் பக்கம் இருந்த ஒரு ஃபோம் கம்பெனியில் அப்பா வேலை பார்த்தார். ஏதோ இரண்டு மருந்துகளை ஒன்றாக ஊற்றினால், பால் பொங்குவது போல நுரைத்து எழும்பி, அப்படியே இறுகி நின்றுவிடுமாம். "நுரைதாம்மா. ஆனா அடங்காத நுரை" என்பார். அதை அறுத்துத்தான் மெத்தை, சோபா, பஸ் சீட் எல்லாம். அவருக்கு லோடு ஏற்றும் வேலை. சுமையே தெரியாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஓர் ஆடி மாதம் லாரியின் மேல் நின்று அடுக்கிக்கொண்டிருந்தபோது, கையிலிருந்த பெரிய ஃபோம் பலகையைக் காற்று தூக்கியது. அப்பா பிடியை விடவில்லை. ரோட்டோரச் சேற்றில் விழுந்து சரக்கு பாழானால் திட்டுவார்களே என்ற பயம். பலகையோடு சேர்ந்து தார் ரோட்டில் விழுந்தார். முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து ஐயப்பன்தாங்கல் வீட்டுக்குக் கொண்டுவந்து பாயில் கிடத்தினோம். கொஞ்ச நாளிலேயே முதுகில் படுக்கைப் புண் வந்தது. கட்டு மாற்ற வந்த நர்ஸ், "தரையில போடாதீங்க, ஃபோம் மெத்தை வாங்குங்க" என்றாள். ஒரு மெத்தை கேட்டு அம்மா கம்பெனிக்குப் போனாள்.

"அவரு காண்ட்ராக்ட் ஆளு. கம்பெனிக்கு சம்பந்தமில்ல" என்றார் மேனேஜர். "வேணும்னா நீ பெருக்குற வேலைக்கு வாம்மா."

அம்மா சேர்ந்தாள். நாள் முழுக்க அவள் பெருக்கியது ஃபோம் துண்டுகளைத்தான். அவற்றைத் தலையணைக்காரர்கள் மூட்டை மூட்டையாக வாங்கிப் போவார்கள். கொஞ்சம் கேட்டதற்கு, "அதும் வெலைக்குப் போற மால்தான், கை வைக்காத" என்றார் சூப்பர்வைசர். அதன் பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை. தினமும் புடவை மடிப்பில் கொஞ்சம் கொண்டுவந்தாள். அம்பத்தூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலையில் இருந்த நான் உறை தைத்தேன். கட்டி கட்டியாக ஒரு மெத்தை தேறியது.

"இன்னாடி இது?" என்றார் அப்பா.

"கம்பெனில குடுத்தாங்க" என்றாள் அம்மா.

புண் காயத் தொடங்கியது. அப்பா சாயங்காலங்களில் ரேடியோவைப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். அம்மா அவருக்குச் சவரம் செய்துவிட்டாள்.

மெத்தை இன்னும் பருமனாக வேண்டும் என்று அம்மா நிறுத்தாமல் கொண்டுவந்தாள். ஒருநாள் கேட்டில் பிடிபட்டாள். ஷிப்ட் முடிந்து எல்லோரும் வெளியே வரும் நேரம். அத்தனை பேர் நடுவில் முந்தானையை உதறச் சொன்னார்கள். உதறினாள். மறுநாள் முதல் வரவேண்டாம் என்றார்கள். வீட்டில் அவள் வாயே திறக்கவில்லை. அப்பாவைப் பார்க்க வந்த பழைய கூட்டாளி ஒருவர்தான் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "அண்ணிய கேட்ல நிக்க வச்சி அசிங்கப்படுத்திட்டாங்க அண்ணாத்தே. ரெண்டு துண்டு ஃபோமுக்கு!"

அவர் போனதும் அப்பா கத்தினார். "எடு இத. திருட்டு மெத்தைல நான் படுக்கணுமா?"

"புண்ணு ஆறிக்கினு வர்து. கம்முனு படு" என்றாள் அம்மா.

"நாலு பேர் முன்னால என் மானத்த வாங்கிட்ட இல்ல?"

கைகளை ஊன்றித் தானே உருண்டு தரைக்கு வந்துவிட்டார். நானும் அம்மாவும் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அன்றோடு அம்மாவிடம் பேச்சையும் நிறுத்தினார். அவள்தான் துடைத்தாள், கழுவினாள், ஊட்டினாள். வாயைத் திறந்து வாங்கிக்கொள்வார். முகத்தைப் பார்க்க மாட்டார். மெத்தை சுவரோரம் சுருட்டியபடி கிடந்தது. புண் மறுபடி பிளந்து சீழ் வைத்தது. மார்கழியில் காய்ச்சல் கண்டு போய்விட்டார். கடைசிவரை அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

காரியம் முடிந்த அன்றே அம்மா மெத்தையை விரித்துப் படுத்தாள். அத்தை முகம் சுளித்தாள். "அவரு வோணாம்னு சொன்னதும்மா இது" என்று நானும் சொன்னேன்.

"கேட்ல நின்னது நானு. சீலைய உதறினது நானு" என்றாள் அம்மா. "அவுருக்கு இன்னாடி மானம் போச்சி?"

அப்பா படத்துக்கு அம்மா ஒருநாளும் பூ வைத்ததில்லை. நான்தான் வைக்கிறேன்.